பூஜை போடாத வண்டி

கண் விழித்தபோது, ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைக் காணோம்.

தூக்கக் கலக்கம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மரம் இருந்தது. ஆனால் பத்தடி பின்னால் இருந்தது. படுக்கும்போது கை நீட்டினால் கிளையைத் தொடலாம். இப்போது பக்கக் கண்ணாடியில்தான் தெரிந்தது.

மரம் நகராது. அப்படியென்றால் வண்டி நகர்ந்திருக்கிறது.

வாங்கி ஆறு நாள்கூட ஆகாத மினி லாரி. பொதட்டூர்பேட்டையில் முதல் லுங்கி மூட்டை ஏற்றும் முன்னால் திருத்தணியில் பூஜை போட்டுவிட வேண்டும் என்று விடிவதற்குள் ஓட்டி வந்து, மலையடிவாரத்து மைதானத்தில் நிறுத்தியிருந்தேன். திங்கட்கிழமை. ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். அது முடிந்துதான் வருவேன் என்று பூசாரி சொல்லிவிட்டார். அதுவரைக்கும் சீட்டில் காலை முடக்கிப் படுத்தேன். ராத்திரி சந்தோஷத்தில் பொட்டுத் தூக்கமில்லை.

மைதானம் கொஞ்சம் சரிவு. அதனால்தான் சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தேன்.

அந்தக் கல்லை எடுத்தவனும் நான்தான். பூசாரி வந்தால் காக்கவைக்கக் கூடாது, எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று, கல்லைத் தள்ளிவிட்டு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்தேனா? இழுத்த மாதிரிதான் இருந்தது.

கீழே குதித்தேன். தூறல் விட்டிருக்கவில்லை. பழங்கள் நசுங்கிச் சேற்றோடு சேறாகக் கிடந்தன. ஐயோ, பூஜைக்கு முன்னாலேயே நசுங்கிவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. எவ்வளவு கேடுகெட்ட புத்தி பாருங்கள்.

அப்புறம்தான் வண்டியின் முன்பக்கம் நினைவுக்கு வந்தது.

முன்பக்கம் அந்தப் பெண்ணின் கூடாரம் இருந்தது.

பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து காவடிக் கூட்டத்தோடு இரவெல்லாம் நடந்து வந்தவள். மற்றவர்கள் குளத்துக்குக் குளிக்கப் போய்விட, காய்ச்சலில் இருந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். குழந்தைக்கு ஐந்து வயதிருக்கும். வண்டியின் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறதே, மழை விடும்வரை படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"பூஜ போடாத வண்டிம்மா. யாரும் ஏறிப் படுக்கக் கூடாது," என்றேன்.

பொய்யில்லை. என் மனைவி பிரேமாவைக்கூட இன்னும் ஏற விடவில்லை. நான் மட்டும் ஏறி நன்றாகக் காலை முடக்கிப் படுக்கலாம். ஓட்டுகிறவனுக்கு அந்தச் சட்டம் கிடையாது.

அவள் மூட்டையிலிருந்து நீல பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து, எங்கே கட்டுவதென்று சுற்றிலும் பார்த்தாள். எனக்கே பாவமாகிவிட்டது. வண்டிக்கு முன்னால் கட்டிக்கொள், ஒரு முனைக் கயிற்றை பம்பரில் மாட்டு என்று நானே இடம் காட்டினேன். பம்பரில் கயிறு கட்டினால் தோஷமில்லை என்று எனக்குள் தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். ஓர் உதவி செய்த திருப்தியில் தூங்கிப்போனேன்.

இப்போது கூடாரம் இல்லை.

நீல ஷீட் தரையோடு தரையாகப் பாதி வண்டிக்கு அடியில் கிடந்தது. இடது சக்கரம் அதன்மேல் நின்றது. சக்கரத்துக்குப் பக்கத்தில் ஷீட் மேடாக இருந்தது. மூட்டையா, ஆளா, தெரியவில்லை.

"யம்மா!" என்று கத்தினேன். பெயர்கூடக் கேட்டுவைத்திருக்கவில்லை. மகளை அவள் ஹேமா என்று கூப்பிட்டது மட்டும் நினைவிருந்தது. அந்தப் பெயரையும் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. மைதானத்தில் ஈ காக்கை இல்லை.

ஷீட்டைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கை வரவில்லை. இருபது வருஷம் அடுத்தவன் வண்டி ஓட்டியிருக்கிறேன். ரேணிகுண்டா ரோட்டில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. யாரும் பார்க்கவில்லை, ஓடிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டியைப் பின்னுக்கு எடுக்கலாம். எடுத்தால் சக்கரம் மறுபடி ஒருமுறை ஏறி இறங்கினாலும் இறங்கும். ஜாக்கி வைத்துத் தூக்குவதுதான் வழி. ஜாக்கி பின்னால் கிடந்தது.

பின்பக்கம் ஓடித் தார்ப்பாயை விலக்கினேன்.

உள்ளே ஹேமா.

மஞ்சள் துண்டைப் போர்த்திக்கொண்டு மூலையில் சுருண்டு படுத்திருந்தாள். வெளிச்சம் பட்டதும் கண்ணைக் கசக்கினாள்.

போன உயிர் திரும்பி வந்தது. நான் குறட்டை விட்டதும் சத்தமில்லாமல் ஏறியிருக்கிறார்கள். என் பேச்சைக் கேட்காததால் பிழைத்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அந்த மேடு வெறும் துணிமூட்டை. தாய்க்காரி டீ வாங்கப் போயிருப்பாள்.

பூஜையாவது மண்ணாவது! வண்டிக்குள் எக்கி, குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டேன். உடம்பு அனலாகக் கொதித்தது. நான் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன்.

அதைப் பார்த்து அவள் மிரண்டுவிட்டாள்.

"அம்மாவ திட்டாத மாமா," என்றாள். "என்ன மட்டுந்தான் ஏத்தி உட்டுச்சு. அது ஏறல. நீ வேணான்னு சொன்னியாமே, அதான் கீழயே படுத்துகினு கீது."