லிப்ஸா வீட்டுப் பாட்டு

வாசலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் மறுபடியும் வாசலைப் பார்த்தாள்.

யாரும் வரவில்லை.

நான்காம் வகுப்பு பாடிக்கொண்டிருந்தது. கரும்பலகை நிறைய ஒடியாப் பாட்டு, தமிழ் எழுத்தில். ஒவ்வொரு வரிக்கும் கீழே பச்சைச் சாக்பீஸில் பொருள். மழை வருகிறது. வயலுக்கு வா. பாட்டு டீச்சராக இந்தப் பள்ளிக்கு அவள் வந்து ஒரு பருவம்தான் ஆகிறது. எதையும் இப்படி ஒழுங்காகத்தான் செய்வாள். செய்து முடித்த பிறகு, செய்தது சரிதானா என்று மனம் குடையத் தொடங்கும்.

நாளை ஆண்டு விழா. அழைப்பிதழில் 'ஒடியா நாட்டுப்புறப் பாடல்' என்று அச்சாகிவிட்டது.

பாட்டைக் கொடுத்தவள் லிப்ஸா. இரண்டாம் வரிசையில், இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. அப்பாவும் அம்மாவும் ஒடிசாவிலிருந்து திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். லிப்ஸா பிறந்ததே இங்கேதான்.

வீட்டுக்கு ஒரு பாட்டு. அது டீச்சரான அவளுடைய யோசனை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் பாடுவதைக் கொண்டுவர வேண்டும். வகுப்பு முழுவதும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்த வீட்டுப் பாட்டும் இன்னொரு வீட்டுப் பாட்டுக்குக் கீழே இல்லை என்பதைப் பிள்ளைகள் பாடியே தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தாள். கும்மி வந்தது. நாகூர் ஆண்டவர் மேல் ஒரு பாட்டு வந்தது. ஒருத்தி தன் அப்பா சாவு வீட்டில் அடிக்கும் பறையின் அடியை மேசையில் தட்டிக் காட்டினாள். எல்லாரும் தட்டினார்கள்.

லிப்ஸா மட்டும் எழுந்து நின்று, "எங்க வீட்ல யாரும் பாட மாட்டாங்க டீச்சர்" என்றாள்.

"நல்லா யோசிச்சுப் பாரு. பாட்டு இல்லாத வீடு இருக்குமா?"

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து "ஹிந்திக்காரி" என்று ஒரு குரல்.

மறுநாள் லிப்ஸா பாட்டோடு வந்தாள்.

அதன் பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. "லிப்ஸா, இங்க இழுக்கணுமா, வெட்டணுமா?" என்று அவளிடம் ஓடினார்கள். லிப்ஸா தீர்ப்புச் சொன்னாள். சத்துணவு வரிசையில் தரணீஷ் கண்ணை மூடிப் பாட, பின்னால் நின்றவன், "ஏன்டா, நீ ஒடிசாக்காரனா?" என்றான்.

"ஆமா. லீவுக்கு ரயில்ல போறோம்."

தட்டிலிருந்த சோறு சிந்தும்படி லிப்ஸா சிரித்தாள்.

எல்லாம் நேற்று மாலை வரை.

நேற்று தனியாகப் பாடச் சொன்னபோது லிப்ஸா ஒரு வரியை வேறு மாதிரி பாடினாள். சொற்களே வேறு.

"ரெண்டு மாதிரியும் பாடுவாங்க டீச்சர்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். "உச்சரிப்பு சரியான்னு பாக்கணும். நாளைக்கு அம்மாவை வரச் சொல்லு" என்று வாய் சொல்லிவிட்டது.

உச்சரிப்புக்காகத்தானா?

லிப்ஸாவின் ஊர்க்காரர்களும் நாளைக் கூட்டத்தில் இருப்பார்கள். பாட்டு லிப்ஸா தானே கட்டியது என்றால், அங்கே தெரிவதைவிட இங்கே தெரிவது மேல். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சாக்பீஸை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். வாசலைப் பார்த்தாள்.

லிப்ஸாவின் அம்மா நின்றிருந்தார்.

தலைமுடியில் பனியன் துணியின் பஞ்சு. செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், நிலையைப் பிடித்தபடி.

பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். குரல் ஏறியது. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தார்கள். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டினார்கள்.

லிப்ஸாவின் வாய் மட்டும் மூடியிருந்தது.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். பேங்க் கவுன்டரில் யாரோ வேகமாகத் தமிழ் பேசும்போது கேட்பது போல. ஒரு சொல்லாவது பிடிபடாதா என்பது போல.

ஒன்றும் பிடிபடவில்லை. அது அந்த முகத்தில் தெரிந்தது.

பாட்டு முடிந்தது.

இனி எதையும் கேட்கக் கூடாது. வேறு எதையாவது சொல்லி அனுப்பிவிட வேண்டும். நாளை எத்தனை மணி, என்ன கலர் பாவாடை, எதையாவது. அதற்குள் தரணீஷ் எழுந்துவிட்டான்.

"ஆன்ட்டி, உங்க ஊருப் பாட்டு நாங்க சரியாப் பாடறமுங்களா?"

அம்மா லிப்ஸாவைப் பார்த்தார். லிப்ஸா சடை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கரும்பலகையைப் பார்த்தார். தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை, மேலிருந்து கீழ்வரை, நிதானமாக.

"சரி" என்றார்.

பிறகு, "கடைசி லைன் மட்டும் தப்பு."

பாடினார்.

பாடிப் பழகாத குரல். முதல் சொல் உடைந்தது. இரண்டாவது நின்றது. மெட்டு அதுவரை வகுப்பு பாடிய எதோடும் ஒட்டவில்லை.

அவள் கடைசி வரியை உள்ளங்கையால் அழித்தாள். அம்மா மறுபடி பாட, காதில் விழுந்தபடி எழுதினாள். கீழே பொருளுக்கு இடம் விட்டாள். பச்சைச் சாக்பீஸை எடுக்கவில்லை.

"எல்லாரும்" என்றாள்.

தப்பும் தவறுமாகப் பாடினார்கள். தரணீஷ் பக்கத்துப் பெஞ்சுக்குச் சாய்ந்தான்.

"லிப்ஸா, இங்க இழுக்கணுமா?"

லிப்ஸா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரு" என்றாள். "கேட்டுச் சொல்றேன்."