யாழ்ப்பாணத்துக்குப் போன கல்யாணம்

"யாரும் அசையாதீங்க!" என்று கத்தினார் டக்ளஸ்.

கண்டியில் இருந்த அவருடைய ஸ்டூடியோவில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தேநீர்க் கேத்தலின் வயரைப் பிடுங்கியாயிற்று. எல்லோருடைய கைப்பேசிகளும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தன.

கணினித் திரையில் நூற்றுக்குப் பதினான்கு வீதம் மெல்லப் பதினைந்தானது. "பாத்தீங்களா? அசையாம இருந்தா வேகமாப் போகுது!" என்றார் டக்ளஸ்.

அவர் கல்யாண வீடியோ எடுப்பவர். அதை வெட்டி ஒட்டுவது யாழ்ப்பாணத்தில் இருக்கும் றஜீவ். ஒரு கல்யாணம் நூறு ஜிபி. அதை இன்டர்நெட்டில் அனுப்புவது வத்தேகமவிலிருந்து வேலைக்கு வரும் சஞ்சீவனியின் பொறுப்பு.

புதிதாகப் போட்ட லைனில் ஒரு மணித்தியாலத்தில் போகவேண்டியது, ஒன்பது மணித்தியாலம் எடுத்தது. டக்ளஸ் வயரை மாற்றினார். ரௌட்டரை யாழ்ப்பாணம் இருக்கும் திசைக்குத் திருப்பி வைத்தார். ஃபாதரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளிக்க வைத்தார். அதில் ஒரு ரௌட்டர் செத்துப்போனது.

நடுவில் லைன் அறுந்துவிடக்கூடாதே என்று சஞ்சீவனி நாள் முழுவதும் ஆபீஸ் போனைக் காதில் வைத்து றஜீவிடம் விசாரித்தபடி இருப்பாள்.

"இருபது வந்துட்டா?"

"ஓம், வந்திட்டுது. அங்க மழையோ? சாப்பிட்டிட்டீங்களோ?"

ஒருநாள் டக்ளஸ் போனை வாங்கி, "தம்பி, லேட்டாகுது, கோவிச்சுக்காதீங்க" என்றார்.

"பரவாயில்லை சேர். ஆறுதலா, மெதுவா வரட்டும்."

றஜீவின் பொறுமையை நினைத்து டக்ளஸுக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று. அடுத்த கல்யாணத்தை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, காலையில் யாழ்ப்பாண பஸ் கண்டக்டரிடம் கொடுத்தார். அதே நேரத்தில் இன்டர்நெட்டிலும் அனுப்பச் சொன்னார். தம்புள்ளையில் டயர் மாற்றிக்கொண்டு போன பஸ், இன்டர்நெட்டைவிட ஒரு மணித்தியாலம் முந்திப் போய்ச் சேர்ந்தது.

"திங்கக்கிழமையில இருந்து பஸ்தான். போனுக்கும் வேலை இல்ல" என்றார். மறுநாள் மத்தியானம் சஞ்சீவனி சாப்பாட்டுப் பார்சலைக்கூடப் பிரிக்கவில்லை.

ஆனாலும் டக்ளஸுக்கு மனம் கேட்கவில்லை. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கம்பளையிலிருந்து முஹ்ஸினை வரவழைத்தார். நெட்வேர்க் வேலையில் கெட்டிக்காரர். கதிரையை இழுத்துப் போட்டு ஐந்து நிமிடம் பார்த்தார்.

"லைன்ல ஒரு பிழையும் இல்ல சேர். அனுப்புற சொஃப்ட்வெயார்ல யாரோ வேகத்துக்கு லிமிட் போட்டிருக்காங்க. பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?"

எல்லோரும் சஞ்சீவனியைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் சேர் போட்டேன்."

"ஏம்மா?"

"ஒரு மணித்தியாலத்துல முடிஞ்சா, அதுக்கப்புறம் அவரோட என்ன சாக்கு வச்சுப் பேசுறது?"

டக்ளஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தீர்த்தம் பட்டுப் போன ரௌட்டர் அவர் கண்முன் வந்துபோனது. "இது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது சேர். அவரு வேலைக்காகத்தான் பேசுறாரு. மழையப் பத்தி எல்லார்கிட்டயும்தான் கேப்பாரு."

முஹ்ஸின் மெதுவாகத் திரும்பி லிமிட்டை எடுத்தார். புதுக் கல்யாணம் ஒன்றை அனுப்பிப் பார்த்தார். வேகம் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. மறுபடி அனுப்பினார். திரை அதே ஒன்பது மணித்தியாலத்தைத்தான் காட்டியது.

"இங்க ஒண்ணுமில்லையே... அப்ப அந்தப் பக்கத்துலதான்" என்று முணுமுணுத்தபடி யாழ்ப்பாணத்துக்குப் போனைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரை அமுக்கினார்.

"றஜீவ் தம்பி, நான் முஹ்ஸின். லைன் பாக்க வந்திருக்கேன். உங்க கம்பியூட்டர்ல வேகத்துக்கு யாரோ லிமிட் போட்டிருக்காங்க போல. யாருன்னு தெரியுமா?"

றஜீவின் குரல் மிகவும் தணிந்து வந்தது.

"நான்தான் அண்ணை. சஞ்சீவனிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ!"