பனியன் போட்ட ஸ்பீக்கர்

1988 டிசம்பரில் ஒரு ஞாயிறு. காலை பத்தேகால் மணிக்கு, ஏழாவது தடவையாக டேப்பை நிறுத்தினார் லிங்கசாமி.

நிறுத்தியதுதான் தாமதம், பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து 'தொம்' என்று ஓர் இடி.

"பாத்தியா, நிறுத்தின பொறவும் அந்தம்மா இடிக்குது!"

"எப்பவுமே நீங்க நிறுத்தின பொறவுதானுங்க இடிக்குது," என்றாள் மனைவி மயிலாத்தாள்.

"அது பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு உலக்கையைத் தூக்கும். அதுக்குள்ள நான் நிறுத்திப்போடறேன்."

திருப்பூர் நல்லூரில் சுப்பண்ணனுக்கு லைன் வீடுகள் ஐந்து. மூன்றாவதில் லிங்கசாமி, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான்காவதில் மருதம்மாள், வேறொரு கம்பெனியில் செக்கிங். துணியில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவள் வாய்க்கும் எதுவும் தப்பாது.

லிங்கசாமிக்குப் பீடி, சீட்டு எதுவும் கிடையாது. ஒரே ஒரு எட்டு இஞ்ச் ஸ்பீக்கர்தான். கோயமுத்தூர் பழைய சாமான் கடையில் வாங்கியது. அதைப் பெரிய மண்பானையின் வாயில் பொருத்தி, பானைக்குள் பனியன் வெட்டிக் கழித்த துணி வேஸ்ட்டை அடைத்தார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்புக்குப் பசைத்தண்ணி பூசிக் காயவைத்தார். போன வாரம், இத்துப்போன அதன் விளிம்பை வெட்டியெடுத்துவிட்டு, பனியன் கழுத்துக்குத் தைக்கிற ரிப் துணியை வட்டமாக வெட்டி ஒட்டினார்.

"ஸ்பீக்கருக்குப் பனியன் போட்டாச்சு. ஜட்டி எப்பங்க?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. வாடகை கொடுக்கப் போன இடத்தில் மருதம்மாள் பிராது வைத்துவிட்டாள். "அந்த ஸ்பீக்கரால எனக்கு நிம்மதியே போச்சுங்ணா!" சுப்பண்ணனும் சொல்லியனுப்பிவிட்டார்: "ஞாயித்துக்கெழமை நானே வந்து கேக்கறேன். மெய்யின்னா, ஒண்ணு ஸ்பீக்கர் போகோணும், இல்லாட்டி நீ போகோணும்."

திருப்பூருக்குக் காலையில் வந்து இறங்கியவனுக்கு மத்தியானத்துக்குள் வேலை கிடைத்துவிடும். வீடு கிடைக்க வருஷமாகும்.

பதினோரு மணிக்குச் சுப்பண்ணன் வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க, போடு பாக்கலாம்."

லிங்கசாமி சத்தத்தைக் குறைத்து வைத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் சுப்பண்ணனின் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது.

"அட! தபேலாக்காரன் மடியிலயே ஒக்காந்தாப்ல இருக்குதப்பா!"

லிங்கசாமிக்குத் தலைகால் புரியவில்லை. சுப்பண்ணன் எதற்கு வந்திருக்கிறார் என்பதே மறந்துவிட்டது. டேப்பை நிறுத்தினார்.

"இருங்ணா, இந்த எடத்துல தபேலாவை மட்டும் கேளுங்க." பின்னால் ஓட்டிப் போட்டார். நிறுத்தினார். "இப்ப வயலினுங்க. ரெண்டு புடி வேஸ்ட்டை உருவின பொறவுதான் இந்த வயலினே வெளிய வந்துச்சு." மறுபடி ஓட்டினார். மறுபடி நிறுத்தினார்.

தொம்! தொம்! தொம்!

"எவன்டா அது? எஞ்சுவத்தை எவன் இடிக்கறது?" சுப்பண்ணன் எழுந்தே விட்டார்.

வாசலில் மருதம்மாள் வந்து நின்றாள், கையில் உலக்கையோடு.

"ஏம்மா, இந்தச் சத்தத்துக்கா நிம்மதி போச்சுன்னே? கம்மியாத்தான இருக்குது!"

"சத்தமுங்களா? சத்தத்தைப் பத்தி நான் எப்பங்ணா சொன்னேன்? எங்க கம்பெனி மிசினுக்கு முன்னால இது எந்த மூலைக்கு?"

"அப்பறம் என்னதான் உன்ற பிராது?"

"ஒன்றரை வருசமா இந்த ஒரே பாட்டுங்ணா. மொத சரணத்துல ஒருத்தன் பட்டாளத்துக்குப் போறானுங்க. பொண்டாட்டி ரயிலடியில நின்னு அழுகறா. ரெண்டாவது சரணம் வர்றதுக்குள்ள இந்த அண்ணன் நிறுத்திப்போடறாரு! போனவன் திரும்பி வந்தானா இல்லையான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க. இடிச்சாலாச்சு மேக்கொண்டு போடுவாருன்னு பாத்தா, மறுக்காவும் மொதல்ல இருந்து போடறாரு!"

சுப்பண்ணன் லிங்கசாமி பக்கம் திரும்பினார்.

"வந்தானாப்பா?"

"யாருங்ணா?"

"பட்டாளத்துக்குப் போனவன்."

லிங்கசாமி தலையைச் சொறிந்தார். "இந்தப் பாட்டுல ஒருத்தன் போறானுங்களா?"

மயிலாத்தாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"நீ நிறுத்தாம போடு," என்றார் சுப்பண்ணன். "கையைக் கட்டிக்க. தபேலா, வயலின்னு வாயைத் தொறந்தீன்னா இன்னைக்கே ஊட்டைக் காலி பண்ணு."

பாட்டு ஓடியது. முதல் சரணம் போயிற்று. இரண்டாவது வந்தது. போனவனுக்கு லீவு கிடைத்தது. ரயில் ஏறினான். மருதம்மாள் உலக்கையை மாரோடு அணைத்துக்கொண்டாள். சுப்பண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

டக்.

டேப் தீர்ந்துவிட்டது. பதிந்து கொடுத்த கடைக்காரன் அந்தப் பக்கத்தில் இடம் பத்தாமல் பாட்டை நடுவிலேயே விட்டிருந்தான். ஒன்றரை வருஷமாக அது லிங்கசாமிக்கே தெரியாது.

சுப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஸ்பீக்கரும் இருக்கட்டும், நீயும் இரு. ஆனா அவன் என்ன ஆனான்னு தெரிஞ்சாகோணும். இனி எனக்கும் சோறு எறங்காது."

1989 பொங்கலன்று மாலை, புதிதாகப் பதிந்து வாங்கிய கேசட்டில், ஐந்து வீட்டாரும் கூடியிருக்க, அவன் ஊர் வந்து சேர்ந்தான்.