பக்கத்து மைதானம் சரியில்லை

"டிசைன்னா இதுதாம்ப்பா டிசைன்!" என்றார் குமரேசன், கேன்டீன் காபியை உறிஞ்சியபடி. "எங்க அடிச்சாலும் பந்து உருண்டு புல்லுக்கே வந்துடுது. பக்கத்து கோல்ஃப் கிரவுண்டைப் போட்டவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

செம்பாக்கத்தில் மனை வாங்கி விற்கும் குமரேசனுக்கு கோல்ஃப் பைத்தியம் பிடித்து ஒரு வருஷம். ஒரே மதில், இந்தப் பக்கம் ஒரு மைதானம், அந்தப் பக்கம் ஒன்று. வழக்கமாக ஆடுவது இந்தப் பக்கம். நேற்றுதான் முதல்முறையாக அந்தப் பக்கம் போய், பதினொரு பந்துகளைப் புதரிலும் குளத்திலும் விட்டார். மானம் கப்பலேறிவிட்டது.

இங்கே அவருடைய மட்டைப் பையைத் தூக்கும் ஏசுபாதம் மட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அங்க பை தூக்க வந்தது எல்லம்மாவாம். பந்து முள்ளுக்குள்ள கிடக்கு, 'இங்க கீது சார், அடிங்க'ங்குது. பந்து தேடவே தெரியல. நீயும்தான் தேடறே, எப்பவும் புல்லு மேலயே கண்டுபிடிச்சுடறே!"

செல்போனில் அந்த மைதானத்து மேனேஜருக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே புகார் எழுதினார். மேடு சரியில்லை, பள்ளம் சரியில்லை, காற்றுகூட சரியில்லை. கடைசி வரி: 'எல்லம்மாவை வேலையை விட்டு எடுக்கவும்.'

"அனுப்பாதீங்க சார்." ஏசுபாதம் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். "புருசன் இல்லாம ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு கீது."

"அதுக்கு? வேலை தெரிய வேணாமா?"

"அதுக்குத்தான் சார் வேலை தெரியும். பந்து வுழுந்த எடத்துலேர்ந்துதான் அடிக்கணும், அதான் சட்டம். நான்தான்... ஒரு வருசமா, நீங்க பாக்காதப்போ காலால புல்லுக்குத் தள்ளிகினு கீறேன். தெரிஞ்சா என் வேலையும் பூடும்."

குமரேசனுக்குக் காபி புரையேறியது. "ஏம்ப்பா?"

"மொத நாளு பந்தெல்லாம் தொலைச்சிட்டு, கார்ல போய் குந்திகினு கண்ணத் தொடச்சீங்களே. மனசு பேஜாராப் பூட்ச்சு சார்."

கண்ணில் தூசி என்று அன்றைக்கு மனைவி சுபத்ராவிடம் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. புகாரை அழித்தார்.

"அப்போ நானா ஆடின ஆட்டம்னு ஒண்ணுகூட இல்லியாப்பா?"

ஏசுபாதம் பதறிப்போய் ஆறுதல் சொன்னார்: "இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? நேத்து எல்லம்மாகூட ஆடினீங்களே, அது முழுக்க நீங்களே ஆடினது!"