இறங்கும் வண்டிக்கு வழி

கூப்பில் மரம் வெட்டுவதை நிறுத்திய பிறகு அந்த மலைப்பாதையில் லாரிகள் வருவதில்லை. சக்கரத் தடங்களுக்கு நடுவே புதர் மண்டியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் மாசாணம் ஜீப்பை ஓரங்கட்டி, ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருந்தார். ஏறுகிற வண்டி, மரம் ஏற்றி இறங்குகிற வண்டிக்கு வழிவிட வேண்டுமாம்.

“இப்ப யாருங்க வரப்போறாங்க? கூப்பு மூடி எத்தனை வருசமாச்சு?” என்றேன்.

“மூடுனது நமக்குத் தெரியும் சார். வளைவுக்குத் தெரியுமா?” என்று சிரித்தார்.

போன வருடம் மூடுபனி இறங்கியதால் பாதியில் திரும்பிவிட்டோம். உச்சியிலிருக்கும் பாழடைந்த பங்களாவை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றாள் என் மனைவி வினோதினி. மார்கழியில் இறந்துபோனாள். அவளுக்காக இன்றாவது மேலே போய்விட வேண்டும். பனி இறங்கினால் வண்டியைத் திருப்பிவிடுவேன் என்று மாசாணம் அடிவாரத்திலேயே சொல்லியிருந்தார். அதனால் அவர் நின்ற ஒவ்வொரு இடத்திலும் எனக்கு எரிச்சல் கூடியது.

கடைசி வளைவில், பாதையில் கிடந்த கிளையை இழுத்துப் போட அவர் இறங்கினார். மேலே பங்களாவின் கூரை தெரிந்தது. அங்கே போய்விட்டால், அவள் சொன்ன அந்த ‘அடுத்த முறை’ தீர்ந்துபோய்விடும். நான் கையை நீட்டி ஹாரனை அழுத்தினேன். சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்து அடங்கியது.

மாசாணம் ஓடிவந்து ஏறினார். “வெரசா போயிரலாம் சார், பனி வருது. இந்தா இருக்கு பங்களா.”

“கொஞ்சம் பொறுங்க. இறங்கி வர்றவங்களுக்கு வழி விடணும்ல.”

அவர் என்னையே பார்த்தார். கூரை மறைந்தது. பிறகு பாதையும் மறைந்தது. அவர் இன்ஜினை அணைத்தார்.