சூட்டுக்கு அசையாத மூளை

நோவை மூளை எப்படி உணர்கிறது என்று படம் பிடிக்கும் ஆராய்ச்சி அது. ரொறன்ரோ ஆஸ்பத்திரி ஒன்றில், 1997இல். இராசமலரின் தலையைப் பட்டியால் கட்டி மெஷினுக்குள் விட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மைக்கில் மொழிபெயர்க்கக் கணவர் கருணைலிங்கம்.

கையில் வைத்த தகட்டின் சூட்டை ஏற்றிக்கொண்டே போனார்கள்.

"நோகுதோ, மலர்?"

"இளஞ்சூடாத்தான் கிடக்கு. தோசைக்கல்லிலை பழகின கையப்பா."

திரையில் நோவைக் காட்டும் சிவப்பு ஒரு பொட்டும் இல்லை. டொக்டரின் முகம் தொங்கிப்போயிற்று.

"இன்னொரு தடவை வடிவாகக் கேளுங்கள்!"

கருணைலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கோடு ஒட்டி மெல்லப் பேசினார்.

மூளை முழுக்கச் சிவப்பு!

"அருமை! எத்தனை டிகிரி?" டொக்டர் சந்தோசப் புழுகத்தில் துள்ளினார்.

உதவியாளர் விழித்தார். "தகட்டை நிறுத்தி இரண்டு நிமிடமாகிறது."

டொக்டர் திரும்பினார். "அப்படியென்றால் என்ன கேட்டீர்கள்?"

"கேக்கேல்லை டொக்டர், சொன்னனான். நாளைக்கு எங்கட பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல். மனுசி இருநூறு ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரிச்சுத் தருவா எண்டு போன மாசமே வாக்குக் குடுத்திட்டன். வீட்டிலை சொல்லப் பயம். இஞ்சயெண்டால் கட்டி வைச்சிருக்கிறியள்..."

"இஞ்சாருங்கோ!" உள்ளிருந்து வந்த குரலில் கண்ணாடி அதிர்ந்தது.

"டொக்டர், உந்தப் பட்டியை மட்டும் இப்ப அவிழ்க்காதேங்கோ!"