முதல் சேலைன்

ஊர்காவற்றுறையில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் அதுவரை மாத்திரை கொடுக்கலாம், புண்ணுக்கு மருந்து கட்டலாம்; அவ்வளவுதான். சேலைன் ஏற்ற யாழ்ப்பாணத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அந்த வழியிலேயே மூன்று பேர் இறந்துபோனார்கள். எண்பத்தாறாம் ஆண்டு, இனி இல்லத்திலேயே ஏற்றலாம் என்று அனுமதிக் கடிதம் வந்தது.

தாதி மரியநாயகி சேலைன் பெட்டியோடு மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். அந்த இல்லத்துக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. மூன்று நாள் வயிற்றோட்டத்தில் கிடந்த அம்பலவாணரின் கையைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நரம்பின் மேல் பஞ்சு வைத்துப் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது.

"ஆர் ஐயா ஏத்தினது?"

"நீர்தானே பிள்ளை. காலமை வந்து ஏத்தினனீர்."

காலையில் யாருமே வரவில்லை என்றார் பொறுப்பாளர் சறோஜினிதேவி. ஆனால் கிழவரின் வறண்டிருந்த நாக்கு ஈரமாகியிருந்தது. கண்ணும் தெளிந்திருந்தது.

மரியநாயகி பெட்டியின் இன்னும் பிரிக்காத ஒட்டைக் கிழித்தாள். உள்ளே பன்னிரண்டு போத்தல்கள். அதில் ஒன்று வெறும் போத்தல்.

அம்பலவாணர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"'மத்தியானம் என்ரை முகத்தோடை ஒருத்தி வருவாள், ஊசி குத்த விடாதேங்கோ' எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனனீர்?"

அடுத்த கட்டிலில் இருந்த நாகமுத்து ஆச்சி மெல்ல எழுந்து உட்கார்ந்து அவளை உற்றுப் பார்த்தாள்.

"அப்ப நீர் ஆர் பிள்ளை?"